டிபெண்டென்சி: சார்பா, கொழுகொம்பா, தேவைப்பொதியா?

தமிழாக்கக் குழுவினருக்கு வணக்கம். பொதி (மென்பொருள் பேக்கேஜ்) நிறுவியின் சரங்கள், அதாவது திரையில் தோன்றும் வரிகள், வெள்ளிக்கிழமை பூட்டப்படுகின்றன. டிபெண்டென்சி, அதாவது ஒரு மென்பொருளுக்கு வேண்டிய வேறொரு பொதி, ஒரு திரையில் ‘சார்பு’, அடுத்ததில் ‘சார்புநிலை’, பிழைச்செய்தியில் ‘தேவைப்படுவன’ என்று கிடக்கிறது. ஒரே சொல் வேண்டும். படத் திருத்தி கிம்பை வைத்துச் சோதியுங்கள்: கிம்ப் இயங்க ஜி.இ.ஜி.எல். என்ற நிரல் நூலகம் வேண்டும், அதற்கு பேபிள் என்ற இன்னொரு நூலகம் வேண்டும். மூலநிரலிலிருந்து கட்டும்போதும் முதலில் பேபிள், அடுத்து ஜி.இ.ஜி.எல்., பிறகே கிம்ப்.

* * *

> ‘சார்பு’

கணக்குப் பாடநூலில் சார்பு என்றால் ஃபங்ஷன். வேறு பாருங்கள்.

* * *

கணக்கை விடுங்கள், இலக்கணமே இடிக்கிறது. எது இன்னொன்றைச் சார்ந்து வருகிறதோ அதுவே சார்பெழுத்து. தொல்காப்பியர் மூன்று என்றார்; நன்னூலார் பத்தாக்கினார் (அந்தப் பத்தும் தேவையா என்பது தனி வழக்கு). அப்படியானால் கிம்ப்தான் சார்பு, பேபிள் முதல். நீங்கள் பேபிளைச் சார்பு என்கிறீர்கள்! கொடி பற்றும் கொம்பு போல, ‘கொழுகொம்பு’ என்போம்.

* * *

திசை பற்றி ஐயா சொன்னது வெறும் இலக்கணமில்லை. ‘பேபிளின் சார்புகளை நீக்கு’ என்றால் போவது பேபிளுக்கு அடியில் இருப்பவையா, மேலே நிற்கும் கிம்பா? பயனர் கிம்பை இழப்பார். ஆனால் ‘நிறைவேறாத கொழுகொம்பு’ என்று பிழைச்செய்தி எழுத முடியுமா?

‘தேவை’ என்றால் வேலை முடிகிறது. டெபியன் லினக்ஸின் மூன்று படிகள்: தேவை, பரிந்துரை, யோசனை. கட்டத் தேவை வேறு, இயங்கத் தேவை வேறு என்றும் பிரிக்கலாம். நூலகம் கணினியில் இருந்தும் கட்டும் கருவி மீசான் ‘இல்லை’ என்கிறதே, பெரும்பாலும் ‘டெவ்’ பொதி நிறுவாததால்தான்: தலைப்புக் கோப்புகளும், நூலகம் எங்கே என்று காட்டும் பிகேஜி-கான்ஃபிக் கோப்பும் அதில்தான் இருக்கின்றன. நாமே கட்டியவை போய்ச்சேரும் யூஎஸ்ஆர்-லோக்கல் அடைவில் பழைய ஜி.இ.ஜி.எல். தங்கியிருந்தாலும் சிலவேளை கட்டுவது தடையின்றி முடிந்துவிடும். ஆனால் கிம்ப் தொடங்கும்போது பழைய பதிப்பைப் பார்த்து மறுத்துவிடும்.

* * *

அதே சாளரத்தில் ‘கணினித் தேவைகள்’ என்று நினைவக அளவு வருகிறதே? ‘தேவைப்பொதி’ ஆக்குங்கள்.

* * *

பொதி கழுதை சுமப்பது.

* * *

இங்கே கழுதை நாம்தான். கொழுகொம்பு அழகு, ஐயா, மறுக்கவில்லை. முல்லைக்கு ஒரு கொம்பு போதும். பாரி தேரையே விட்டுவந்தான். கிம்ப் ஒன்றுக்காக க்னோம் ரன்டைம் என்ற பொது நூலகத் தொகுப்பு முழுவதையும் இறக்கும் பிளாட்பேக் நிறுவல் முறைக்கு அந்தத் தேர் பொருந்தும்.

* * *

மறுப்பு ஒன்று, ஆதரவு நான்கு. ‘தேவைப்பொதி’ என்றே ஏற்றிவிட்டேன். எதிர்த்திசைக்கு, ‘இதை நம்பியிருப்பவை’.

* * *

நான் இசையவில்லை என்பதைப் பதிந்துகொள்ளுங்கள். ஏற்றிய கோப்பில் 41ஆம் சரத்தில் ‘தேவைபொதி’ என்றிருக்கிறது. வல்லினம் மிகும்.