பாவித்த லேண்ட்மாஸ்டர் எஞ்சின்: பிரித்துப் பார்ப்பதா, அப்படியே ஓட்டுவதா?

வணக்கம் அண்ணன்மாரே. படுவான்கரை, கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்து எழுதுகிறேன். லேண்ட்மாஸ்டருக்கு (இரு சக்கரக் கை உழவு இயந்திரம்) ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று பாவித்ததாக வாங்கினேன். 2 வருடம் கொட்டிலில் சும்மா கிடந்ததாம். பெரும்போக உழவுக்கு முன் ஓட வேண்டும்.

ஸ்டார்ட் பண்ணும் கம்பியைப் போட்டுச் சுற்றினால் இறுக்கமில்லாமல் சுற்றுகிறது. டிகம்ப்ரஷன் லிவரை (சுற்றும்போது சிலிண்டர் அழுத்தத்தைத் திறந்து விடுவது) விட்டதும் நன்றாக எதிர்த்து நிற்கிறது. ஒயில் கறுப்புத்தான், பால் நிறம் இல்லை, அதனால் தண்ணீர் கலந்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் வடித்த ஒயிலை விரலில் தேய்த்தால் மினுமினுவென்று பொடி தெரிகிறது. காந்தத்தில் கொஞ்சம்தான் ஒட்டியது. மீதி பெயரிங் உலோகமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

சித்தப்பா, “நல்லா இருக்கிறதைக் கழற்றாதே” என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு: ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட் புதிதாக வேண்டும், பழகிய ரிங்கைக் குழப்பினால் ஒயில் எரியலாம். கராஜ்காரரோ முழுதாகப் பிரிக்கச் சொல்கிறார்.

என் எண்ணம், ஹெட்டைத் தொடாமல் பின் மூடியை மட்டும் கழற்றி, கனெக்டிங் ராட் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) ஆடுகிறதா என்று பார்ப்பது. ஆடாவிட்டால் டீசல் டாங்கியைக் கழுவி, ஃபில்டரும் ஒயிலும் மாற்றி ஸ்டார்ட் பண்ணலாம். டீசல் பம்பின் ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) கூடிய அளவில் இறுகியிருந்தால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும், அதனால் காற்று வழியை அடைக்கப் பலகையும் கையில் வைத்திருப்பேன்.

அந்தப் பொடியைப் பார்த்த பிறகும் இது போதுமா? ராட் எவ்வளவு ஆடினால் பெயரிங் மாற்ற வேண்டும்? கைப்பட வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.