நற்கருணையும் சிப்ஸ் விளம்பரமும்

கேள்வி: 2024 ஏப்ரலில் இத்தாலியில் வெளிவந்த அமிகா சிப்ஸ் விளம்பரத்தில், நற்கருணை (திருப்பலி வழிபாட்டில் வழங்கப்படும் புனித அப்பம்) பெற வரும் கன்னியர் (கன்னியாஸ்திரி) ஒருவர் அப்பத்துக்குப் பதிலாக உருளைக்கிழங்கு சிப்ஸைப் பெற்று மெல்கிறார். கத்தோலிக்கர் இதனால் இவ்வளவு புண்படுவது ஏன்?

மறுமொழி 1: திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட (புனிதப்படுத்தப்பட்ட) அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது என்பது எங்கள் விசுவாசம், அது வெறும் அடையாளமன்று. ஆகவே, அதன் இடத்தில் ஒரு நொறுக்குத்தீனியை வைப்பது, குருக்களையோ துறவியரையோ கேலி செய்வதைவிட ஆழமாக வலிக்கிறது.

மறுமொழி 2: வலி உண்மையானதே. ஆயினும் சட்டம் தலையிட வேண்டியதில்லை. அங்கே விளம்பரத் துறையின் சுயஒழுங்கு அமைப்பே அதை நிறுத்தச் சொன்னது.

மறுமொழி 3: பிரிட்டனில் கருவுற்ற கன்னியரைக் காட்டிய ஐஸ்கிரீம் விளம்பரம் ஒன்றும் 2010இல் தடைசெய்யப்பட்டது. மாதாவின் அமல உற்பவத்தை, அதாவது அவர் ஜென்மப் பாவமின்றிக் கருவானார் என்ற விசுவாசத்தை, சுட்டும் சொற்களையே அதில் விற்பனை வாசகமாக்கியது எனக்கு மிகுந்த வருத்தமளித்தது.