சரசு வீட்டு கிரகப்பிரவேசம்: யார் எதில் வருவது?

சரசு அத்தை: ஞாயிறு முகூர்த்தம் 4.30–6.00. கேளம்பாக்கம் வீட்டு செக்யூரிட்டி கார் நம்பர் எல்லாம் கேட்கிறார். யார் யார் எதில் வருகிறீர்கள்?

குமார்: கார். நாங்கள் இரண்டு பேர்.

ரேவதி: நாங்களும் கார்தான்.

பெரியப்பா: எல்லோரும் குரோம்பேட்டையிலிருந்துதானே கிளம்புகிறோம், எதற்குத் தனித்தனிக் கார்? வேன் பேசுவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 1931இல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் வந்தது, பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் அந்தத் தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்த ஊர்கள். அப்பா ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம் பார்த்துத்தான் மனை வாங்கினார். உங்கள் கேளம்பாக்கம் இருக்கிற ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) 2000இல் டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் வந்தது, அப்புறம் சிறுசேரி வரை கம்பெனி, அடுக்குமாடி எல்லாம் வந்துவிட்டது, மெட்ரோவை இப்போதுதான் கட்டுகிறார்கள். இடையில் குடிவந்தவர்கள் எல்லோரும் வண்டி வாங்கியாயிற்று. அந்தப் புகை வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகும்.

ரேவதி: அத்தை, ஒன்பதாவது மாடிக்குப் பசு எப்படி வரும்?

சரசு அத்தை: அசோசியேஷனில் கேட்டிருக்கிறேன். அண்ணா, எங்களுக்கு அங்கேதான் விலை கட்டுப்படியானது.

பெரியப்பா: உன்னைச் சொல்லவில்லை சரசு. 2022இல் சென்னைப் பெருநகரை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கினார்கள். அங்கேயும் வீடு முதலில், ரயில் பிறகு என்றால் என்ன ஆகும்?

குமார்: அதனால்தான் குரோம்பேட்டை தாத்தா வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட பில்டரிடம் கொடுக்கலாம் என்கிறேன்.

பெரியப்பா: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

திவ்யா: பெரியப்பா, நீங்கள் சொன்னபடியே பார்த்தால் ஸ்டேஷன் பக்கத்தில் நாலு குடும்பம் இருக்கலாம். நாலு பேரும் ரயிலில் போவார்கள். இடித்துக் கட்டினாலும் கார்பன்தான், சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே அந்த வாயு வரும், எரிக்கிற நிலக்கரி தனி. ஆனால் அது ஒரு தடவை. வண்டிப் புகை தினமும்.

குமார்: 👏

பெரியப்பா: கிணறு, மாமரம்?

திவ்யா: மரத்தை விட்டுத்தான் பிளான் போடச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா: நேரில் பேசுவோம். வேன் மூன்றரைக்கு.

ரேவதி: மூன்றரைக்கா!! குழந்தைக்குப் பரீட்சை வேறு.

சரசு அத்தை: பசுவுக்கு கேட் வரை அனுமதி உண்டாம். வேனில் எத்தனை பேர், சொல்லுங்கள்.

குமார்: ராத்திரி சொல்கிறேன் அத்தை.