பக்கத்து சீட்டில் யார்? தீம் பார்க்குக்குத் தனியாகப் போனவர்கள் சொல்லுங்கள்

திருவொற்றியூர் தேரடி:

சினிமாவுக்குத் தனியாகப் போனால் இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. கோயிலுக்குத் தனியாகப் போனால் நல்ல பெயரே கிடைக்கும். தீம் பார்க்குக்குத் தனியாகப் போகிறேன் என்றால் மட்டும் ஊரே பதறுகிறது. எங்கள் அம்மா கேட்ட முதல் கேள்வி, "யார்கூடடி சண்டை?"

சண்டையெல்லாம் இல்லை. எனக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஞாயிறன்றுதான் கூட்டம் அள்ளும், லீவு செவ்வாய், புதனில் வரும். அன்றைக்குத் தோழிகளுக்குப் பிள்ளைகளின் ஸ்கூல், ஆபீஸ். "எல்லாரும் சேர்ந்து ஒருநாள் போகலாம்டி" என்று வாட்ஸ்அப்பில் பேசிப் பேசியே நாள் போனது. சரி, நாம் கிளம்புவோம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பிவிட்டேன்.

போனது திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா. 2000இல் கொச்சியில் வீகாலேண்ட் என்று ஆரம்பித்தார்களே, அதே நிறுவனம்தான். பெங்களூரு, ஐதராபாத், புவனேஸ்வர் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் நம்மிடம் வந்திருக்கிறார்கள். நம்மிடம் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். வட சென்னையில் இருந்து பார்த்தால் அது வேறு ஊர். மெட்ரோவில் சைதாப்பேட்டை, அங்கே இறங்கித் திருப்போரூர் பஸ், அப்புறம் ஆட்டோ. 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வராமல் இருந்திருந்தால் இந்த ஆசையே வந்திருக்காது. பாரிமுனை நெரிசலிலேயே பாதி நாள் போயிருக்கும்.

உள்ளே போன பிறகு ஒரு விஷயம் புரிந்தது. இந்த இடங்களில் எல்லாமே இரண்டு இரண்டாக, நாலு நாலாகத்தான் செய்து வைத்திருக்கிறார்கள். அதனால் தனியாள் வரிசையின் கடைசியில் நின்றாலும் திடீரென்று முன்னால் போய்விடலாம். மூன்று பேர் வந்த குடும்பத்துக்கு நாலாவது சீட் காலியாக இருக்கும். ரைடு ஓட்டும் தம்பி தலையை எக்கிப் பார்த்து, "சிங்கிள் யாராவது இருக்கீங்களா?" என்று கத்துவார். அந்தக் குரலுக்குக் கையைத் தூக்கத் தூக்க எனக்குப் பழகிவிட்டது. அப்படிக் கிடைத்த பக்கத்து சீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே தஞ்சோரா என்று ஒரு ரோலர் கோஸ்டர். ஸ்விட்சர்லாந்துக் கம்பெனி செய்தது. தண்டவாளம் தலைக்கு மேலே, நாம் அதில் தொங்குகிறோம், காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அம்மா, ஐம்பத்தைந்து இருக்கும், சுடிதார், தலையில் பூ. மகள் மாசமாக இருப்பதால் ஏறக்கூடாது, மருமகன் பைகளோடு கீழே நிற்கிறார். அம்மா மட்டும் வந்திருக்கிறார்.

"நீ மட்டுமா வந்த?"

"ஆமாம்மா."

"வூட்ல கோச்சிக்கினு வந்துட்டியா?"

இல்லை என்று சொல்லியும் நம்பவில்லை. தோள் மேல் கம்பி இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்கு அந்தப் பக்கம் இரண்டு காலேஜ் பையன்கள். அதில் ஒருவன் எங்களுக்குப் பாடம் எடுத்தான்: "ஆன்ட்டி, மேல இழுத்துட்டுப் போற வரைக்கும்தான் மோட்டார். அதுக்கப்புறம் புவியீர்ப்புதான். சக்கரம் மேல, கீழ, பக்கவாட்டுலன்னு மூணு பக்கமும் தண்டவாளத்தைப் பிடிச்சிருக்கும். கழண்டுக்காது." அவன் சொன்னது சரிதான். ஆனால் முதல் சரிவில் "அம்மா!" என்று வீறிட்டதும் அவன்தான். பக்கத்து அம்மா "முருகா, முருகா" என்றார். திருப்போரூர்க் கந்தசாமி கோயில் பக்கத்தில்தானே, கேட்டிருக்கும்.

ஊசியைப் பார்த்து முகத்தைத் திருப்பும் ஆட்களிடம் நான் தினமும் சொல்வது "ஒண்ணும் ஆகாது, இதோ முடிஞ்சிடும்". அன்றைக்கு அதே வசனத்தை, அதே ராகத்தில், கம்பியைச் சரிபார்த்த தம்பி என்னிடம் சொன்னார். அது எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இறங்கியதும் அந்த அம்மா கலைந்த பூவைச் சரிசெய்துகொண்டு மருமகனிடம் போகாமல் என்னிடம் வந்தார். "இன்னொரு வாட்டி போலாம் வரியா?" போனோம்.

எல்லாம் சுகம் என்று பொய் சொல்ல மாட்டேன். மதியம் ஒரு மணிக்கு மேல் நிஜமாகவே போர். சுற்றிலும் குடும்பம் குடும்பமாகத் தட்டுகள், நாம் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும். பாத்ரூம் போனால் பையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தண்ணீர்ச் சறுக்கில் இரண்டு பேர் உட்காரும் டியூப் என்றால் ஜோடி கிடைக்கும்வரை ஓரமாக நிற்க வேண்டும். இருந்தாலும் "அது வேண்டாம், இது போகலாம்" என்று யாரிடமும் பேரம் பேச வேண்டியது இல்லை பாருங்கள், அதற்கு இதெல்லாம் கொடுக்கலாம்.

உங்களுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? எழுதுங்கள்.

காசிமேடு:

அக்கா, நம்ம கதை விஜிபி தீம் பார்க். 1975இல் திறந்தது, எங்கப்பா இன்னும் கோல்டன் பீச் என்றுதான் சொல்வார். ஏப்ரல் 15இல் இருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில். வலை பின்னுகிற வேலையும் முடிந்து சும்மா உட்கார்ந்திருந்தபோது 109 பஸ்ஸில் ஏறி ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கிவிட்டேன்.

கொலம்பஸ் என்று ஒரு கப்பல் ஆடுமே, அதில் என்னைக் கடைசி வரிசையில் ஒரு ஐடி கம்பெனி ஆள் பக்கத்தில் போட்டார்கள். அவருக்குப் பயம். "நான் கடலுக்குப் போறவன் சார், இதெல்லாம் ஒரு ஆட்டமா, என்னைப் பிடிச்சுக்குங்க" என்றேன். நாலாவது வீச்சில் எனக்குக் குமட்ட ஆரம்பித்தது. அவர் ஜாலியாகக் கையைத் தூக்கிக் கத்துகிறார், நான் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்திருக்கிறேன். புயல் நேரத்துக் கடலில்கூட எனக்கு வாந்தி வந்ததில்லை.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். படகில் நாம் அலையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறோம், அது ஏறும்போது முழங்கால் தானாக மடங்கும். கண் பார்ப்பதும் காதுக்குள் இருக்கிற சமாச்சாரம் சொல்வதும் ஒன்றாக இருக்கும். இங்கே கட்டிப்போட்டு உட்கார வைத்துவிட்டார்கள், பார்க்க அலையும் இல்லை. கண்ணை வேறு மூடிக்கொண்டேன், கேட்கவா வேண்டும். புதிதாகப் போகிறவர்கள் நடு வரிசையில் உட்காருங்கள். இரண்டு முனையும்தான் ரொம்ப உயரம் போகும். ஐடிக்காரர்தான் எனக்கு எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தார்.

சிலை மனிதரையும் பார்த்தேன். சின்ன வயசில் பார்த்தபோதும் ஒருத்தர் அப்படித்தான் நின்றார், சிரிக்கவே மாட்டார், அசைய மாட்டார். பசங்க எல்லாம் முகத்தைக் கோணிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எங்கள் துறைமுகத்தில் விடியற்காலை வஞ்சிரம் ஏலம் விடுகிற மாதிரி முழுத் தொண்டையில் ஏலம் விட்டேன். சுற்றி நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஒரு பொம்பளை நிஜமாகவே "ஆயிரத்து இருநூறு" என்று கேட்டார். மனுஷன் இமைகூட ஆட்டவில்லை. இவ்வளவு கட்டுப்பாடு எனக்கு இருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

வியாசர்பாடி:

உங்களுக்கெல்லாம் உள்ளேயாவது விட்டார்கள். என்னை ஒரு இடத்தில் டிக்கெட் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிட்டார்கள். பெயர் வேண்டாம். "தனியா வர்ற ஜென்ட்ஸுக்கு இல்ல சார், ஃபேமிலி இருந்தா வாங்க." பெண்களிடம் வம்பு செய்கிறவன் இருக்கிறான், அதனால் இந்த விதி, காரணம் புரிகிறது. ஆனால் நாலு பேராகச் சேர்ந்து வந்து வம்பு செய்கிறவனை என்ன செய்வார்களாம்?

அடுத்த வாரம் அக்கா பையனைக் கடன் வாங்கிக்கொண்டு போனேன். எட்டு வயசு. இப்போது நான் ஃபேமிலி. பெரிய ரைடு ஒவ்வொன்றின் வாசலிலும் உயரம் அளக்கும் பலகை. அவன் எதிலும் தேறவில்லை. அவனைத் தனியே விட்டுவிட்டு நான் ஏறவும் முடியாது. நாள் முழுக்கக் குட்டி ரயிலில், முழங்கால் முகவாயில் இடிக்க இடிக்க உட்கார்ந்து சுற்றினேன். பக்கத்து சீட்டில் யார் என்று கேட்டீர்களே, பஞ்சு மிட்டாயை என் சட்டையில் துடைக்கிற ஒருத்தன்.

பெரம்பூர்:

தனியாகப் போய் ஆயிரக்கணக்கில் செலவழித்து என்ன சந்தோஷமோ. அந்தக் காசுக்கு நாலு பேருக்கு பிரியாணி போடலாம்.

பழைய வண்ணாரப்பேட்டை:

பெரம்பூர் தம்பி, பிரியாணியும் போடுவோம், ராட்டினமும் ஏறுவோம். உங்களை யார் செலவு செய்யச் சொன்னது?

தேரடிப் பொண்ணே, எனக்கு அறுபது தாண்டிவிட்டது. ஒண்டிக்கட்டை இல்லை, வீட்டில் ஒன்பது பேர். அதனால்தான் தனியாகப் போகிறேன்! உங்கள் தீம் பார்க் அளவுக்கு என் முழங்கால் தாங்காது. எனக்குத் தீவுத்திடல் பொருட்காட்சி போதும். சுற்றுலாத் துறை நடத்துவது, பொங்கல் சமயத்தில் களைகட்டும். எம்.சி. ரோட்டில் இருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரம். அரசுத் துறை அரங்குகளை ஒரு சுற்று, அது கடமைக்கு. அப்புறம் நேராக மரணக்கிணறு.

அந்தப் பையன்கள் செங்குத்துச் சுவரில் மோட்டார் பைக் ஓட்டுவதை மேலே நின்று பார்த்திருக்கிறீர்களா? வேகமாகச் சுற்றச் சுற்றச் சக்கரம் சுவரை அழுத்துகிறது, அந்த அழுத்தத்தால் வரும் பிடிமானம்தான் விழாமல் வைக்கிறது, வேகம் குறைந்தால் சறுக்கிவிடும் என்று என் பேரன் படம் போட்டுக் காட்டினான். அவ்வளவும் தெரிந்த பிறகும் பலகை அதிரும்போது வயிறு கலங்குகிறது. கையை விட்டுவிட்டு, நாம் நீட்டுகிற நோட்டை ஓடுகிற வண்டியில் இருந்து பிடுங்கிக்கொண்டு போவான். நான் நீட்டியதைப் பிடுங்கிவிட்டு ஒரு சலாம் வேறு.

ராட்டினத்தில் என்னை ஒற்றை ஆளாக ஏற்ற மாட்டேன் என்றார் ஓட்டுகிறவர். எதிரெதிர்ப் பெட்டிகளில் பாரம் சமமாக இருக்க வேண்டுமாம். இரண்டு பள்ளிக்கூடப் பெண்களோடு உட்கார வைத்தார். அதுகள் இரண்டும் வந்ததே வீட்டுக்குத் தெரியாமல்தான் என்று உச்சியில் நிற்கும்போது சொல்லிச் சிரித்தன. நானும் வீட்டில் கந்தகோட்டம் போவதாகத்தான் சொல்லிவிட்டு வந்தேன் என்றேன். மேலே இருந்து சென்ட்ரல் மணிக்கூண்டு, ரிப்பன் மாளிகை, இந்தப் பக்கம் கோட்டைக் கொடிமரம், துறைமுகத்துக் கிரேன்கள் எல்லாம் விளக்கோடு தெரிந்தது. "பாட்டி, உங்க வீடு எது காட்டுங்க" என்றார்கள். தண்ணீர் தேங்கும் பக்கம் பார், அங்கே என்றேன்.

இறங்கிய பிறகு முகத்தை விடப் பெரிய டெல்லி அப்பளம் ஒன்று வாங்கி மூன்று பேரும் உடைத்துச் சாப்பிட்டோம். வீட்டுக்குக் கிளம்புங்கடி என்று ஆட்டோ ஏற்றிவிட்டுத்தான் வந்தேன்.

எண்ணூர்:

தண்ணீர் ஆட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இது. பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட் போயிருந்தேன். நைலான் துணியாக எடுத்துப்போங்கள், காட்டன், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பொதுவாக எந்தப் பார்க்கிலும் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் பின்பக்கம் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். தனியாகப் போனால் கழற்றிக் கொடுக்க ஆள் கிடையாது. லாக்கர் சாவியைக் கையில் மாட்டும் பட்டையோடு கேட்டு வாங்குங்கள். பக்கத்து சீட்டுக் கதை எனக்கு இல்லை. நான் போன அன்று கூட்டமே இல்லை, ராட்டினத்தில் இருந்து எல்லாம் எனக்காக மட்டும் ஓட்டினார்கள். ராஜா மாதிரி இருந்தது, ஆனால் கத்துவதற்குக் கூச்சமாக இருந்தது. கூடக் கத்த ஆள் வேண்டும்போல.

கொருக்குப்பேட்டை:

தேரடி அக்கா, நான் காலேஜ் முதல் வருஷம். தனியாகப் போக வீட்டில் விட மாட்டார்கள். திரும்பி வரும்போது ரொம்ப இருட்டிவிட்டதா? பஸ் கிடைத்ததா?

திருவொற்றியூர் தேரடி:

காசிமேடு தம்பியின் ஏலத்தைப் படித்துவிட்டு லேபில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், ரத்தம் கொடுக்க வந்தவர் பயந்துபோனார். வண்ணாரப்பேட்டை அம்மா, அடுத்த பொருட்காட்சிக்கு எந்த நாள் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், அந்தப் பெட்டியில் எனக்கும் ஒரு இடம்.

கொருக்குப்பேட்டை தங்கச்சி, பார்க் மூடும் வரைக்கும் காத்திருக்காதே. கடைசி நேரத்தில் எல்லாரும் ஒரே சமயம் வெளியே வருவார்கள், ஆட்டோவுக்கு அடிதடி. நான் அதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். திருப்போரூர் போய்விட்டால் பஸ் இருக்கிறது. சைதாப்பேட்டை வந்துவிட்டால் கவலையே இல்லை, மெட்ரோ ராத்திரி பதினொன்று வரைக்கும் ஓடுகிறது. எந்த பஸ், எங்கே இறங்கினேன் என்று வீட்டுக்கு மெசேஜ் போட்டுக்கொண்டே வா, அம்மா அடுத்த தடவை கொஞ்சம் இளகுவார்கள். என் அம்மா இளகவில்லை, அது வேறு விஷயம்.

பசித்தால் மண்ணடியில் இறங்கிக்கொள். பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடை போட்டிருப்பார்கள். முட்டை போட்டு, வாழைத்தண்டு சூப்போடு சாப்பிடு. உள்ளே மதியம் கொடுத்த காசுக்கு அங்கே குடும்பமே சாப்பிடலாம்.