முதுகை மொட்டையாக்கிவிட்டது: செவலையை என்ன செய்ய?

கொல்லைக்கோழி:
ஒன்பது நாட்டுக்கோழி, எல்லாம் பெட்டை. முன்பெல்லாம் நாள் முழுக்க வெளியே மேயும். பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டன என்று சண்டை வந்து, இரண்டு மாதமாக ஆறடிக்கு நாலடிக் கூண்டில் அடைத்திருக்கிறேன். இப்போது செவலைப் பெட்டை ஒன்று வெள்ளையை விடுவதில்லை. நேற்று உட்கார்ந்து பார்த்தேன். சத்தமே இல்லாமல் பின்னால் போகிறது, வால் பக்கம் ஒரு இறகைப் பிடித்து இழுக்கிறது, அப்படியே விழுங்கிவிடுகிறது. வெள்ளைக்கு முதுகில் இறகே இல்லை. தீனி அரிசி, தவிடு, கொஞ்சம் கம்பு.

சந்தைக்காரன்:
குழம்பு வையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ருசி கண்ட கோழி திருந்தாது, பார்த்துப் பார்த்து மற்றதும் பழகிவிடும்.

பண்ணையாள்:
அறுக்க வேண்டாம், மூக்கு, அதாவது அலகு நுனியை, வெட்டிவிடுங்கள். நாமக்கல் பக்கம் முட்டைப் பண்ணையில் பன்னிரண்டு வருடம் இருந்தவன் நான். குஞ்சில் ஒருமுறை, முட்டைக்கு வரும் முன் ஒருமுறை வெட்டுவோம். வெட்டாத கொட்டகையில் என்ன நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மேய்ச்சல்:
அண்ணா, பண்ணைக் கணக்கு கொல்லைக்கு ஒத்துவராது. அலகு நகம் மாதிரி இல்லை, நுனி வரை நரம்பு ஓடுகிறது. வளர்ந்த பெட்டைக்கு வீட்டில் வெட்டினால் ரத்தம் கொட்டும், அப்புறம் தீனி பொறுக்கவே தடுமாறும்.

அதோடு இது வம்புச் சண்டையே இல்லை. யார் பெரியவள் என்ற சண்டை என்றால் தலையில், கொண்டையில் கொத்தும். சத்தம் இருக்கும், தோற்றது ஓடும், அதோடு சரி. இந்தக் கொத்து வரிசையை நார்வேக்காரர் ஷெல்டரப்-எப்பே 1920களிலேயே எழுதிவிட்டார். ஓசையில்லாமல் பிடுங்கித் தின்பது வேறு. இறகு ஏறக்குறைய முழுக்கப் புரதம். முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் 16 சதவீதமாவது புரதம் வேண்டும், அரிசியில் அதில் பாதிதான் இருக்கிறது. மேயும்போது புழு பூச்சி ஈடுகட்டியது. அடைத்தீர்கள், அதுவும் போச்சு. 24 சதுர அடியில் ஒன்பது கோழி, கிளற மண் இல்லை. செவலை வேறு என்ன செய்யும்?

பண்ணையாள்:
நானும் வலி தெரியாதவன் இல்லை தம்பி. தீவனம் மாற்றினால் பலன் தெரிய நாளாகும். அதுவரை வெள்ளை தாங்குமா? ரத்தம் கசிந்தால் மொத்தக் கூட்டமும் பாயும். ஆசனவாயில் கொத்திக் குடலையே உருவிப்போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

மேய்ச்சல்:
அது உண்மைதான். அப்படியென்றால் வெள்ளையை இன்றே பிரித்துவிடுங்கள்.

அடைக்கோழி:
வெள்ளையை ஏன்? செவலையைப் பிரியுங்கள். அடிபட்டதை எடுத்தால் திரும்பி வரும்போது அது புதுக்கோழி, எல்லாமே சேர்ந்து கொத்தும். செவலை நாலைந்து நாள் வெளியே இருந்தால் அதன் அதட்டல்தான் குறையும். வெள்ளைக்கு ரத்தம் வந்திருந்தால் மட்டும் கம்பி வலைக்கு அந்தப்பக்கம் விடுங்கள், மற்றவை கண்ணில் படட்டும். காயத்தில் ஜென்ஷன் வயலட் என்ற ஊதா மருந்தைத் தடவினால் சிவப்பு மறைந்துவிடும். ராத்திரி டார்ச் அடித்து, செல்லு என்கிற பொடி ஒட்டுண்ணிப் பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள், அரிப்பிலும் இறகு போகும்.

சந்தைக்காரன்:
ஒரு கோழிக்கு இத்தனை வைத்தியமா! எங்கள் ஆத்தா கூடையைப் போட்டுக் கவிழ்ப்பார், ரெண்டு நாளில் அடங்கும். அடங்காவிட்டால் மிளகு அரைப்பார்.

மேய்ச்சல்:
உங்கள் ஆத்தா வீட்டுக் கோழி ஊரெல்லாம் மேய்ந்தது, அதைச் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே.

கொல்லைக்கோழி:
செவலையைக் கூடையில் கவிழ்த்தாயிற்று. உப்பில்லாக் கருவாட்டை இடித்துத் தவிட்டில் போட்டேன், சட்டியையே கவிழ்த்துவிட்டுத் தின்றன. ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கொட்டியிருக்கிறேன், முருங்கைக் கீரையைக் கட்டித் தொங்கவிட்டதில் மற்றவை எம்பி எம்பிக் கொத்துகின்றன. டார்ச் அடித்ததில் குச்சி இடுக்கில் செல்லும் இருந்தது. இரண்டு பேர் சொன்னதும் சரியாகிவிட்டது போல. பாத்திக்கு என் செலவில் வலை கட்டித் தருகிறேன், சாயங்காலம் மட்டும் திறந்துவிடலாமா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பிடி கொடுக்கவில்லை.

சந்தைக்காரன்:
முதலில் அக்காவுக்கு நாலு முட்டை கொடுங்கள்.