தீக்காயம் ஆறிய பின்பும் தங்கை வெளியே வர மறுக்கிறாள்: என்ன செய்யலாம்?

முள்ளியவளை அக்கா:

வணக்கம். என் தங்கைக்கு வயது 29. கடந்த புரட்டாதியில் மின்சாரம் தடைப்பட்ட ஓர் இரவு, குசினியில் இருந்த குப்பி விளக்கு கவிழ்ந்து, மண்ணெண்ணெய் அவளுடைய சட்டையில் பட்டுத் தீப்பற்றிக்கொண்டது. கழுத்து, தாடையின் ஓரம், இடது தோள், இடது கை ஆகியவை எரிந்தன. ஏழு கிழமைகள் வைத்தியசாலை விடுதியில் இருந்தாள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். புண் முழுவதும் ஆறிவிட்டது என்று வைத்தியர் சொல்லியே பல மாதங்கள் ஆகின்றன.

ஆனால், அவள் இரவில் இரண்டு மணித்தியாலம்கூடத் தொடர்ந்து உறங்குவதில்லை. நெருப்புக்குச்சி உரசும் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது. அலுமாரிக் கண்ணாடியைப் பழைய சேலையொன்றால் மூடிவைத்திருக்கிறாள். வைத்தியசாலையிலிருந்து வந்த அன்று அவளுடைய நான்கு வயது மகன் பயந்து என் பின்னால் ஒளிந்தான். அன்று முதல் அவனைத் தானாக அவள் தூக்கவே இல்லை. பார்க்க வருகின்ற சனமோ, தேநீர் குடித்து முடிப்பதற்குள், "உண்மையிலேயே விளக்குத்தானா?" என்று என் காதில் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அது அவளுக்கும் கேட்கிறது. ஆண்டுதோறும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்கு நடந்தே போகிறவள், இம்முறை அங்கே எரியும் கற்பூரச் சட்டிகளை நினைத்து வர மறுத்துவிட்டாள். அம்மாவோ இதெல்லாம் அம்மாளின் கோபம் என்று நேர்த்திக்கு மேல் நேர்த்தி வைக்கிறார்.

இது காலத்தோடு தானாக மாறுமா? உளநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றால், "விசருக்கு மருந்தெடுக்கிறாள்" என்று ஊர் பேசுமே என்றும் தயக்கமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற தாதி, கிளிநொச்சி:

தங்கச்சி, மனதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் அரிப்பைப் பற்றிக் கேட்கிறேன். அவள் உறங்காமல் இருப்பது கனவினாலா, உடம்பு கடிப்பதனாலா? பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆறிய தழும்பு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரையில் சிவந்து தடித்தபடியே இருக்கும். எண்ணெய்ச் சுரப்பிகள் அழிந்துபோனதால் அந்தத் தோல் காய்ந்து கடிக்கும், ஒட்டுத்தோல் சரிவர வியர்க்காததால் எங்கள் வன்னி வெயிலில் உடம்புச் சூடு வெளியேறாமல் தவிக்க வைக்கும். வாசனை சேர்க்காத களிம்பை நாளுக்குப் பல தடவைகள் பூசுங்கள், அரிப்புக்கான மாத்திரையை வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். பல மாதங்கள் உறங்காத ஒருவரின் மனம் எப்படித் தேறும்?

நெருப்பு பற்றிய கனவும் திடுக்கிடலும் முதல் மாதத்தில் யாருக்கும் வரக்கூடியவை. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, பிள்ளையைத் தூக்குவதையும் வெளியே போவதையும் தடுக்கும்போது, அது நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடுவாக, அதாவது பெரிய அதிர்ச்சி மனதில் விட்டுச்செல்லும் நோயாக, இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, காத்திருப்பது சிகிச்சை ஆகாது. எரிந்த பரப்பு சிறியது, ஆகவே பாதிப்பும் சிறியது என்று எண்ண வேண்டாம். கையளவு காயத்தோடு உடைந்து போனவர்களையும், பாதி உடம்பு எரிந்தும் நிமிர்ந்தவர்களையும் நான் ஒரே விடுதியில் பார்த்திருக்கிறேன். சிலருக்கு நெருப்பைவிட மருந்து கட்டிய வேதனையே மனதில் தங்கிவிடும். மருந்து கட்டும் தள்ளுவண்டியின் சில்லுச் சத்தம் தூரத்தில் கேட்டதுமே போர்வையைப் பற்களால் கடித்துக்கொண்ட ஒரு பிள்ளையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

மாஞ்சோலையிலுள்ள மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊருக்குச் சொல்ல வேண்டுமானால், தழும்பு கிளினிக்குக்குப் போகிறாள் என்று சொல்லுங்கள். அது பொய்யும் அல்ல. இன்னொன்று: சாக வேண்டும் என்று நினைக்கிறாளா என்பதை நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் கையில் வைத்திருங்கள்.

புதுக்குடியிருப்பான்:

அக்கா, 2009 மாசியில் எறிகணை விழுந்து எங்கள் தறப்பாள் பற்றியெரிந்தபோது என் முகத்தின் வலப்பக்கமும் இரு கைகளும் வெந்தன. தாதி அம்மா சொன்ன சிகிச்சையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், தழும்பு கிளினிக் என்று மறைப்பதை நான் ஏற்கவில்லை. மறைக்க மறைக்க, ஊர் அந்த இடைவெளியைத் தன் கதையால் நிரப்பும்.

ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். என் தழும்பைப் பார்க்கிறவர்கள் "செல் பட்டதா தம்பி?" என்று கேட்டுவிட்டு, தங்கள் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். போர்க்காயத்துக்கு எங்கள் ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. குசினியில் எரிந்த பெண்ணுக்கு அந்த மரியாதை கிடையாது. அவள் தானே கொளுத்தினாளா, யாராவது கொளுத்தினார்களா என்ற விசாரணைதான் கிடைக்கிறது. இருவரையும் எரித்தது ஒரே நெருப்பு. உங்கள் தங்கை வாசலைத் தாண்டாததற்குக் காரணம் நெருப்பு மட்டும் அல்ல, அந்தக் கேள்வியும்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே காதில் கேட்கிறவர்களுக்கு, அவளும் கேட்கும்படியாக, உரத்து ஒரே வசனத்தில் பதில் சொல்லுங்கள்: "விளக்குக் கவிழ்ந்தது, இப்போது சுகம், வேறென்ன புதினம்?" எனக்கும் இப்படி ஒரு வசனம் இருந்தது. கடைக்குப் போகும் வழியில் அதை வாய்க்குள் சொல்லிப் பழகினேன்.

கண்ணாடிச் சேலையை நீங்கள் இழுக்க வேண்டாம். நான் முதலில் பார்த்தது சவரக் கண்ணாடியில், அதுவும் காதை மட்டும். மறுகிழமை கன்னம். மகனிடம் களிம்புப் போத்தலைக் கொடுத்து, அம்மாவின் கையில் பூசச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளின் பயம் தொட்டால் போய்விடும். பெரியவர்களின் பயத்துக்குத்தான் மருந்து தேவை.

தண்ணீரூற்று:

அம்மாவின் நேர்த்தியோடு மல்லுக்கட்ட வேண்டாம், அதன் பொருளை மாற்றிச் சொல்லுங்கள். மதுரையை எரித்த கண்ணகி சினம் தணிந்து வந்தமர்ந்த தலம் என்றுதானே வற்றாப்பளையைக் கும்பிடுகிறோம்? அங்கே தணிவு கேட்டுத்தான் போகிறோம், தண்டனை வாங்க அல்ல. கூட்டமும் சட்டியும் இல்லாத ஒரு சாதாரண நாளில் காலையில் கூட்டிக்கொண்டு போங்கள். நந்திக்கடல் காற்றாவது படட்டும்.

முள்ளியவளை அக்கா:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமைகள் கழித்து எழுதுகிறேன். தாதி அம்மா சொன்னபடி, சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விடுதியில் இருந்தபோது நினைத்தேன், இப்போது இல்லை" என்றாள். பிறகு உளநலப் பிரிவுக்கும் போய்வந்தோம். அடுத்த திகதி தந்திருக்கிறார்கள். அரிப்பு மாத்திரைக்குப் பிறகு நான்கு மணித்தியாலம் உறங்குகிறாள்.

மகன் களிம்பு பூசினான். கையைத் தடவிப் பார்த்து, "அம்மா, இது குளம் வத்தின இடம் மாதிரிக் கிடக்கு" என்றான். நான் பதறிப்போனேன், அவள் சிரித்தாள். கண்ணாடியின் சேலை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

தாதி அம்மாவிடம் ஒரு கேள்வி: தழும்பு தடிக்காதபடி கழுத்துக்குத் தந்த இறுக்கமான அழுத்த ஆடையை நாளுக்கு 23 மணித்தியாலம் போடச் சொல்கிறார்கள். இந்த வெயிலில் தாடைக்குக் கீழே உராய்ந்து தோல் உரிகிறது. கழற்றிவைக்கலாமா, அல்லது உடனே கிளினிக்கில் காட்ட வேண்டுமா?