ஜாக்கெட் இல்லை, கோட்டு

(செம்பூரிலிருந்து)

"ஜாக்கெட் தைக்கக் கத்துக்கறேன்" என்று போனில் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "யாருக்குடா?" என்றாள். நம் ஊரில் ஜாக்கெட் என்றால் புடவைக்கு மேட்ச்சாகப் போடுவது. அதனால் இங்கே கோட்டு என்றே எழுதுகிறேன்.

எனக்கு வேலை கணக்கு வழக்கு. தையலுக்கும் எனக்கும் இருந்த உறவு அறுந்த சட்டைப் பட்டனோடு சரி. கற்றுக்கொடுத்தவர் மும்பை தாராவியில் 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், பூர்வீகம் தென்காசிப் பக்கம், தெருவுக்கே மாஸ்டர். ஞாயிறு காலை மட்டும் போவேன். மெஷின் பக்கமே விடவில்லை. "மெஷின் நேரா போறதுக்கு. கோட்டுல நேரா எங்கய்யா இருக்கு?" என்றார்.

முதல் மூன்று ஞாயிறும் அங்குஸ்தானோடு, அதாவது ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டும் உறையோடு, போயின. கோட்டு தைப்பவர்கள் போடுகிற அங்குஸ்தானுக்கு மூடி கிடையாது, மோதிரம் மாதிரி இரண்டு பக்கமும் திறந்திருக்கும். ஊசியை விரல் நுனியால் தள்ளக் கூடாது. நடுவிரலை மடக்கி, நகத்தின் பக்கவாட்டில் தள்ள வேண்டும். என் விரல் தானாக நீண்டுகொண்டே இருந்ததால் அதை மடக்கி ஒரு நாடாவால் கட்டிவிட்டார். நூல் கோக்காத ஊசியைத் துண்டுத் துணியில் குத்தி எடுப்பதுதான் பாடம். பக்கத்தில் காஜா (பட்டன் ஓட்டை) எடுக்கும் பையன் என்னைப் பார்த்துச் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் வெட்டினோம், வெள்ளை நூலில் பெரிய பெரிய தையலாக ஓட்டினோம், ட்ரையல் பார்த்துப் பிரித்தோம். அதெல்லாம் ஒழுங்காகவே போனது. கை வைக்கும்போதுதான் மாட்டிக்கொண்டேன். கோட்டுக் கையின் மேல் வளைவு, அது உட்காரும் குழியைவிட ஒன்றரை இஞ்சுக்கு மேல் பெரிதாக இருக்கும். அந்த உபரித் துணி தோளில் மறைய வேண்டும், ஒரு சுருக்கம்கூட வெளியே தெரியக் கூடாது. நான் மூன்று தடவை வைத்தேன். மூன்று தடவையும் கொசுவம் வைத்த பாவாடை மாதிரி நின்றது.

மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினார். தீக்குச்சி கிழித்துக் காட்டினார். நூல் உருகிச் சுருண்டு, நுனியில் கறுப்பாக ஒரு கெட்டி மணி நின்றது. "கம்பளியா இருந்தா தலைமுடி பொசுங்கற வாடை வரும், சாம்பல் விரல்ல பொடியும். இது பாலியஸ்டர். நீ தேய்ச்சா கேக்காது." விலை குறைவாக இருக்கிறதே என்று நானே ஆசைப்பட்டு வாங்கியது. யாரைக் குறை சொல்வது?

அடுத்த சனிக்கிழமை ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனுக்குப் போய், கிராஃபோர்டு மார்க்கெட் வழியாக மங்கள்தாஸ் மார்க்கெட்டுக்கு நடந்தேன். 58 இஞ்சு அகலத்தில் இரண்டு மீட்டர் கம்பளித் துணி. பையில் தீப்பெட்டி இருந்தது, கடைக்காரர் முறைத்தார்.

இந்தத் தடவை கை வளைவில் இரண்டு வரிசை பொடித் தையல் ஓட்டி, நூலை இழுத்துச் சுருக்கி, மரத்தூள் அடைத்த கெட்டித் தலையணைமேல் போட்டு, ஈரத் துணி வைத்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தினோம். ஆவி போனதும் எடுத்துப் பார்த்தால் சுருக்கங்களைக் காணவில்லை. துணியே கிண்ணம் மாதிரி குழிந்து நின்றது. நூறு தையல் போட்டதைவிட அந்த இரண்டு நிமிடத்தில் எனக்குப் புரிந்தது அதிகம். கைக்கு அந்த வடிவத்தைக் கொண்டுவருவது சூடும் ஈரமும்தான். ஊசி அதைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவே.

மார்பில் மடிந்து விழும் லேப்பலில் வளைவைத் தருவது விரல். கேன்வாஸ் (கோட்டுக்குள் வைக்கும் விறைப்பான துணி) மேலே, துணி கீழே, இரண்டையும் ஆள்காட்டி விரல்மேல் வளைத்துப் பிடித்தபடியே சாய்வாகத் தைத்துக்கொண்டு போகணும். ஊசி கீழ்த் துணியில் ஒரே ஒரு இழையைத்தான் தொட வேண்டும். வளைவின் வெளிப்பக்கம் இருப்பதால் கேன்வாஸ் துளி நீளமாகவே தைபடும். விரலை எடுத்தாலும் லேப்பல் தானாகச் சுருண்டு நிற்கும். மேஜைமேல் தட்டையாக வைத்துத் தைத்தால் இது வராது, வைத்துப் பார்த்துவிட்டேன்.

மொத்தம் பதினாறு ஞாயிறு. காஜா இன்னும் எடுக்கவில்லை, பயம்.

(முலுண்டிலிருந்து)

அண்ணா, நீங்கள் கேன்வாஸை முதலில் நனைத்துக் காயப்போட்டீர்களா? நான் போடவில்லை. எட்டு வருஷம் பிளவுஸ் தைத்த கை, கோட்டு என்ன பிரமாதம் என்ற நினைப்பு. அப்பாவுக்கென்று தைத்து, கடைசியில் ஆவி வைத்துத் தேய்த்தபோது உள்ளே கேன்வாஸ் மட்டும் சுருங்கிவிட்டது. மார்பெல்லாம் அலை அலையாக நின்றது. லைனிங்கிலிருந்து எல்லாவற்றையும் பிரித்தேன். இப்போது முதல் வேலையாக அதை வாளியில் ஊறப்போடுகிறேன்.

ஒரு விஷயம். அதே அலை ரெடிமேட் கோட்டிலும் வரும், ஆனால் காரணம் வேறு. மலிவான கோட்டில் கேன்வாஸே இருக்காது, பசைத் துணியைச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். சில டிரைகிளீனுக்கு அப்புறம் பசை விட்டுக் கொப்புளம் வரும். வாங்கும்போது பட்டன் பக்கத்தில் கிள்ளி, வெளித் துணியையும் உள் துணியையும் இரு பக்கம் இழுங்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று தனியாக நழுவினால் கேன்வாஸ்.

(சயானிலிருந்து)

காஜாவுக்குப் பயப்படாதீர்கள். மெஷினில் பெரும்பாலும் தைத்துவிட்டு வெட்டுவார்கள், கைக் காஜாவில் முதலில் வெட்ட வேண்டும். அந்தத் திகில்தான். வெட்டின ஓரத்தில் ஒரு தடித்த நூலைப் படுக்கவைத்து, அதை மூடி முடிச்சு முடிச்சாகப் பட்டு நூலில் எடுத்துக்கொண்டு போகணும். நான் பழைய பேன்ட் துணியில் ஐம்பது எடுத்தேன். முதல் முப்பதும் பூரான் மாதிரி இருந்தன.

உங்கள் மாஸ்டர் இன்னும் ஆள் சேர்க்கிறாரா?

(செம்பூரிலிருந்து)

கேட்டேன். பத்து மணிக்கு மேல் வரச் சொன்னார். நூலில் தேய்க்கத் தேன்மெழுகு ஒரு கட்டி கொண்டு வாங்க, அவருடையதை நான் தீர்த்துவிட்டேன்.